ஐந்நூறு கனமீட்டர் கழிவும் அது கடந்த எல்லைகளும்

2006 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. ஐவரி கோஸ்ட் நாட்டின் மிகப்பெரிய நகரமான அபிஜானில் பல பகுதி மக்கள் கண் விழித்தது ஒரு நாற்றத்தில். அழுகிய முட்டையும் பூண்டும் கலந்தது போன்ற நாற்றம். கதவைச் சாத்தினாலும் அடங்கவில்லை. முந்தைய இரவு டேங்கர் லாரிகள் நகரத்தின் அக்குவேடோ குப்பைமேட்டிலும், சாலையோரங்களிலும், சாக்கடைகளிலும், காலி மனைகளிலும் ஒரு திரவத்தைக் கொட்டிவிட்டுப் போயிருந்தன. அடுத்தடுத்த நாட்களில் தலைவலி, வாந்தி, மூக்கில் ரத்தம், கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைகளில் கூட்டம் நெரிந்தது. மருத்துவ உதவி நாடியவர்கள் 1 லட்சத்துக்கும் அதிகம். பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பிரதமர் சார்ல்ஸ் கோனான் பன்னியின் அமைச்சரவையே பதவி விலகியது.

அந்தத் திரவம் ஏழு வாரங்களுக்கு முன்பு ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்து, இன்னது என்று கண்டறிந்து, முறையாக அழிக்க இவ்வளவு செலவாகும் என்று விலையும் சொல்லியிருந்தார்கள். தொழில்நுட்பம் இருந்தது, சட்டம் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள். அத்தனையும் இருந்த துறைமுகத்திலிருந்து அது ஏன் கிளம்பியது? தொழில் நிறுவனங்கள் ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவது ஏன் என்ற பொதுக் கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியாது. இதில் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், விலைப்பட்டியல், கையால் எழுதிய ஒப்பந்தம் என்று எல்லாமே வெளியே வந்திருக்கின்றன. வழக்கமாக இப்படிப்பட்ட பயணங்கள் ஒரு தடயமும் வைப்பதில்லை.

சரக்கு

தொடக்கம் மெக்சிகோவில். அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் சுத்திகரிப்பு ஆலையில் கோக்கர் நாப்தா என்ற திரவம் சேர்ந்துகொண்டிருந்தது. கனமான எண்ணெயைக் கடும் வெப்பத்தில் உடைக்கும்போது கிடைக்கும், பெட்ரோலோடு கலக்கத் தக்க பொருள் இது. ஆனால் கந்தகம் மிக அதிகம். குறிப்பாக மெர்காப்டன் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். சமையல் எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் துளியினும் துளியாகக் கலப்பது இந்த இனத்துப் பொருளைத்தான்.

கந்தகத்தை நீக்காமல் விற்பது கடினம் என்பதால் இதன் விலை அடிமட்டத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அதை வாங்க முன்வந்தது டிராஃபிகுரா. நெதர்லாந்தில் பதிவு பெற்று, லண்டனில் வர்த்தக அலுவலகம் வைத்திருந்த, உலகின் பெரிய எண்ணெய் வணிக நிறுவனங்களுள் ஒன்று. யாரும் நினைத்துப் பார்க்க முடியாத மலிவு, பெரும் பணம் பார்க்கலாம் என்று அதன் ஊழியர்கள் தமக்குள் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு சரக்கிலும் சுமார் 70 லட்சம் டாலர் லாபம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2009இல் இந்த மின்னஞ்சல்கள் வெளியானபோது உலகம் அதிர்ந்தது லாபக் கணக்கைப் பார்த்து அல்ல. நாப்தாவைக் காஸ்டிக் சோடாவால் கழுவுவது, அதில் மிஞ்சும் கழிவின் ஆபத்து காரணமாகப் பெரும்பாலான நாடுகளில் தடை செய்யப்பட்டது என்ற வரி அதே கடிதங்களில் இருந்தது. அதாவது கழிவு உருவாகும் முன்பே அதைப் பற்றித் தெரிந்திருந்தது.

அந்தக் கழுவல் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொட்டியில் நாப்தாவை நிரப்பி, காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டுக் கலக்குவார்கள். மென்மையான அமிலக் குணம் கொண்ட மெர்காப்டன்கள் காரத்தோடு சேர்ந்து சோடிய உப்புகளாகி நீர்ப் பகுதிக்கு இறங்கிவிடும். கலக்குவதை நிறுத்திக் காத்திருந்தால், எடை குறைந்த நாப்தா மேலே நிற்கும். கந்தகத்தையும் பீனால் என்ற ரசாயனத்தையும் சுமந்த காரநீர் அடியில் தங்கும். மேலே நிற்பது விற்பனைக்கு. அடியில் தங்குவதற்கு ஒரு குணம் உண்டு: காரம் வலுவாக இருக்கும்வரை கந்தகச் சேர்மங்கள் அதற்குள் அடங்கியிருக்கும். அமிலம் பட்டாலோ காரத்தன்மை இறங்கினாலோ அவை வாயுவாகப் பிரிந்து கிளம்பத் தொடங்கும். கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரலாம். செறிவு கூடும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும் நச்சு வாயு அது. ஆகவே இந்தக் காரநீரை மூடிய கலன்களில், அளந்து அளந்து, வெளியேறும் வாயுவைப் பிடித்து எரித்துத்தான் கையாள வேண்டும். அதற்குத்தான் செலவு.

முதலில் துனிசியாவின் லா ஸ்கிரா துறைமுகத்தில் கரையில் இருந்த தொட்டிகளில் கழுவினார்கள். நாற்றத்தால் பிரச்சினை எழுந்து அந்த வழி அடைபட்டது. பிறகு தேர்ந்த இடம் கடல். பனாமா கொடி பறந்த, கிரேக்க நிறுவனத்துக்குச் சொந்தமான, டிராஃபிகுரா வாடகைக்கு எடுத்திருந்த புரோபோ கோவாலா என்ற கப்பல் ஜிப்ரால்டருக்கு அருகே நின்றது. 2006 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று சரக்குகளை அதன் தொட்டிகளிலேயே கழுவினார்கள். மிஞ்சிய கழிவு சுமார் 528 கனமீட்டர்.

ஒரு கப்பல், சுத்திகரிப்பு ஆலையாக வேலை செய்தது. இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் பின்னால் நடந்த எல்லாமே புரியும்.

ஆம்ஸ்டர்டாம்

ஜூலை 2ஆம் தேதி கப்பல் ஆம்ஸ்டர்டாம் வந்தது. அங்கே கழிவைப் பெற ஒப்புக்கொண்ட துறைமுகச் சேவை நிறுவனத்திடம் இது கப்பல் தொட்டிகளைக் கழுவிய நீர் என்ற வகையில் சொல்லப்பட்டிருந்தது. துறைமுக வழக்கில் இதை 'ஸ்லாப்ஸ்' என்பார்கள். எல்லா எண்ணெய்க் கப்பலிலும் உருவாவது, எல்லாப் பெரிய துறைமுகத்திலும் வாங்கிக்கொள்வது. அதற்கு வழக்கமான விலை சொல்லப்பட்டது: கனமீட்டருக்கு 30 யூரோவுக்கும் குறைவு.

கழிவில் ஏறக்குறைய பாதி, கப்பலை ஒட்டி நின்ற சிறு படகுக்கு மாற்றப்பட்டது. அப்போதே கிளம்பியது நாற்றம். அக்கம்பக்கத்தவர்கள் புகார் செய்தார்கள், அவசரச் சேவை வந்தது, வேலை நின்றது. மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு லிட்டருக்கு 5 லட்சம் மில்லிகிராமை ஒட்டி வந்தது. அந்த நிலையம் கையாளத் தக்க அளவைப் பல மடங்கு தாண்டிய எண் இது. எங்களால் ஆகாது, சிறப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று புது விலை சொன்னார்கள்: கனமீட்டருக்கு 1,000 யூரோவை ஒட்டி. மொத்தம் சுமார் 5 லட்சம் யூரோ.

டிராஃபிகுரா மறுத்தது. எஸ்தோனியாவில் கப்பல் ஏற்ற வேண்டிய சரக்கு காத்திருந்தது; தாமதத்துக்குத் தனிச் செலவு. படகில் இறங்கிய கழிவைக் கப்பலுக்கே திருப்பி ஏற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. நகரச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் தடுமாறினார்கள். கடைசியில் அனுமதித்தார்கள். திரவம் மேலேறியது, ஜூலை 5 அன்று கப்பல் போய்விட்டது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அபிஜானில்தான் நிற்கிறார்கள். எனக்கோ ஆம்ஸ்டர்டாமின் அந்தச் சில நாட்கள்தான் உறுத்துகின்றன. அங்கே யாருக்கும் லஞ்சம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை, யாரும் இரவில் ஒளிந்து எதையும் செய்யவில்லை. எண் கையில் இருந்தது. என்னவென்று தெரிந்த பிறகும், எங்கே போகிறது என்று உறுதியாகத் தெரியாமல், ஒரு நச்சுத் திரவத்தை ஒரு பணக்காரத் துறைமுகம் வழியனுப்பி வைத்தது.

பெயரில் இருக்கிறது வழி

அதிகாரிகள் ஏன் தடுமாறினார்கள்? இரண்டு சர்வதேச ஒப்பந்தங்களின் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது.

ஒன்று மார்போல். கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் காக்கும் உடன்படிக்கை. தம்மிடம் வரும் கப்பல்களின் எண்ணெய்க் கழிவைப் பெற்றுக்கொள்ளத் துறைமுகங்களில் வசதி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதிகம் கேள்வி கேட்காமல், விரைவாக, மலிவாக வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கப்பல்காரர் நடுக்கடலில் திறந்துவிடுவார். நல்ல நோக்கத்தில் பிறந்த தாராளம்.

மற்றொன்று பாசெல் ஒப்பந்தம். 1989 மார்ச்சில் கையெழுத்தாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான கழிவை எல்லை கடத்தி அனுப்ப வேண்டுமானால், பெறும் நாட்டுக்கும் வழியில் உள்ள நாடுகளுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவற்றின் ஒப்புதலைப் பெற வேண்டும். இங்கே கேள்விகள் ஏராளம், காகிதங்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கும் மேலே போய், இத்தகைய கழிவு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகவே கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. ஆனால் கப்பலின் இயல்பான இயக்கத்தில் உருவாகி, வேறொரு சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வரும் கழிவுக்குப் பாசெல் பொருந்தாது.

அப்படியானால் கப்பலின் வயிற்றில் ஜிப்ரால்டர் அருகே உருவான அந்தக் காரநீர் எது? தொட்டி கழுவிய நீரா, ஓர் ஆலையின் கழிவா? முதல் பெயரைச் சூட்டினால் 30 யூரோ, இரண்டாவது பெயரைச் சூட்டினால் 1,000 யூரோ. முதல் பெயரோடு எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம். இரண்டாவது பெயரோடு ஆப்பிரிக்காவுக்கு நகரக்கூட முடியாது. தொழில் நிறுவனம் எல்லையைத் தேடுவதன் காரணம் இங்கேதான் தெளிவாகிறது. எல்லை என்பது பொருளின் பெயரை மாற்றிக்கொள்ளும் இடம். இந்தக் கரையில் எந்தச் சோதனையில் என்ன எண் வந்தது என்பது அந்தக் கரைக்குத் தெரியாது. தெரிவிக்கும் கடமையும், பெயரோடு சேர்ந்து கழன்றுவிடுகிறது.

இந்த வித்தை பழையது. 1986இல் பிலடெல்பியா நகரத்தின் குப்பை எரித்த சாம்பல் சுமார் 14,000 டன்னோடு கியான் சீ என்ற கப்பல் கிளம்பியது. நாடு நாடாக விரட்டப்பட்டு, 1988 தொடக்கத்தில் ஹெய்டியின் கொனாயிவ் கடற்கரையில் சில ஆயிரம் டன்னை இறக்கியது. அதற்கு அங்கே கொடுத்த பெயர் உரம். மீதிச் சாம்பல் கடலுக்குள் போனது, கப்பலும் பெயர்களை மாற்றிக்கொண்டே அலைந்தது. ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இதைவிட நாகரிகமாக, வக்கீல்களின் மொழியில் நடந்தது, அவ்வளவுதான்.

ஒரு பக்கக் காகிதம்

எஸ்தோனியாவின் பால்திஸ்கி, பிறகு நைஜீரியாவின் லாகோஸ். லாகோஸில் கழிவை இறக்க எடுத்த முயற்சி கைகூடவில்லை. ஆகஸ்ட் 19ஆம் தேதி அபிஜான்.

அன்றைய ஐவரி கோஸ்ட் 2002இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் இரண்டாகப் பிளந்து கிடந்த நாடு. அபிஜானில் டிராஃபிகுராவின் முகவர்கள் பிடித்தது 'டொமி' என்ற உள்ளூர் நிறுவனத்தை. அதற்கு உரிமம் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ரசாயனக் கழிவைக் கையாளும் ஆலையோ, தொட்டிகளோ, அனுபவமோ அதற்கு இல்லை. அது கொடுத்த விலைக்குறிப்பு கையால் எழுதிய ஒரு பக்கம். எண்ணெய் கலந்த நீருக்குக் கனமீட்டருக்கு 30 டாலர், ரசாயனக் கழிவுக்கு 35 டாலர். எங்கே கொண்டுபோகப்படும் என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருந்தது: அக்குவேடோ. நகரக் குப்பை கொட்டும் திறந்தவெளி மேடு அது. சுற்றிலும் குடியிருப்புகள்.

அந்தக் காகிதத்தைப் பெற்றுக்கொண்டவர்கள், சில வாரங்களுக்கு முன்பு இதே திரவத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் 1,000 யூரோ கேட்கப்பட்டதை அறிந்தவர்கள். தம் நாட்டு நிறுவனம் இப்படி ஒரு சீட்டை நீட்டினால் அவர்கள் பேனாவைத் திறந்திருப்பார்களா?

லாரிகள் வாடகைக்கு வந்தன. முதல் லாரிகள் அக்குவேடோவில் கொட்டின. நாற்றம் தாங்காமல் அங்கே எதிர்ப்பு எழவே, மற்றவை நகரம் முழுக்க இடம் தேடின. மொத்தம் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்கள்.

கணக்கு

அபிஜானில் முழுச் செலவு 20,000 டாலருக்குள் முடிந்தது. ஆம்ஸ்டர்டாமில் 5 லட்சம் யூரோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழை நாட்டில் கூலி மலிவு, நிலம் மலிவு, ஆகவே கழிவைச் சுத்திகரிப்பதும் மலிவு என்று சிலர் விளக்குவார்கள். அது தவறான விளக்கம். அபிஜானில் சுத்திகரிப்பு மலிவாக நடக்கவில்லை. சுத்திகரிப்பே நடக்கவில்லை. அந்த 35 டாலர் லாரி வாடகை. ஆம்ஸ்டர்டாமில் விலை பேசப்பட்டது ஒரு வேலைக்கு. அபிஜானில் விலை பேசப்பட்டது அந்த வேலை இல்லாமல் போவதற்கு. எல்லை தாண்டும் ஆபத்தான கழிவின் விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: குறைந்த விலைக்கு எந்த வேலை கைவிடப்படுகிறது?

இன்னும் ஒரு படி பின்னால் போனால், நாப்தா மலிவாகக் கிடைத்ததற்கே காரணம் இந்தக் கழிவுதான். கந்தகத்தை முறையாக நீக்கும் செலவு அந்த விலையில் சேரவில்லை. வாங்கியவர் அந்தச் செலவை ஏற்றிருந்தாலும் சரக்கு லாபமாகவே இருந்திருக்கும். ஒரு சரக்குக்கு 70 லட்சம் டாலர் லாபம் எதிர்பார்த்த இடத்தில், மூன்று சரக்கின் கழிவுக்கு 5 லட்சம் யூரோ. இதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு ஆறுவதில்லை. முடியாமல் செய்ததல்ல இது. கழிவுக்கான செலவு எந்த வர்த்தகரின் கணக்கிலும் அவருடைய செலவாக எழுதப்படுவதில்லை. அது கடைசியில் வரும் தொல்லை, கப்பலைத் தாமதப்படுத்தும் இடைஞ்சல். வாங்கும்போது கணக்கில் இல்லாத ஒன்றுக்கு, முடிவில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

செலவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. தன் நாட்டில் புதைத்த கழிவு இருபது ஆண்டு கழித்தும் வழக்காகத் திரும்பி வரும். அமெரிக்காவில் லவ் கால்வாய்ப் பகுதியின் வீடுகளுக்கு அடியில் புதைந்திருந்த ரசாயனம் 1978இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் பழைய கழிவுக்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்கியது. தொழில் நாடுகளில் சட்டம் இறுகிய அந்தப் பத்தாண்டில்தான் கழிவுக் கப்பல்கள் தெற்கே திரும்பின. மேலும் ஒன்று: இடைத்தரகர் சங்கிலி. வர்த்தகர், கப்பல் உரிமையாளர், வாடகைக்காரர், துறைமுக முகவர், உள்ளூர் ஒப்பந்தக்காரர், லாரிக்காரர் என்று கை மாறும்போது ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். டொமியிடம் உரிமம் இருந்தது. கழிவை உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைத்தோம், அது இப்படிக் கொட்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் டிராஃபிகுராவின் நிலைப்பாடு. அந்தக் கழிவால் மரணமோ தீவிர நோயோ வந்திருக்க முடியாது என்பதையும் அது தொடர்ந்து சொல்லிவருகிறது. 2009இல் லண்டனில், பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு சமரசமானபோது இரு தரப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும், மரணங்களுக்கும் கழிவுக்கும் தொடர்பை நிபுணர்களால் நிறுவ முடியவில்லை என்றே சொன்னது. ஐவரி கோஸ்ட் அரசின் நிலைப்பாடு வேறு. நிபுணர்களின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் யாரும் முன்கூட்டியே காற்றை அளந்து வைத்திருக்கவில்லை. தொடர்பை நிரூபிக்க வேண்டிய அளவீடுகள் எடுக்கப்படாத இடமாகப் பார்த்தே இத்தகைய கழிவு போய்ச் சேர்கிறது.

1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட ஓர் உள் குறிப்பு வெளியே கசிந்து பெரும் புயலைக் கிளப்பியது. மிகக் குறைந்த கூலி உள்ள நாட்டில் நச்சுக் கழிவைக் கொட்டுவதன் பின்னால் இருக்கும் பொருளியல் தர்க்கம் குறையற்றது என்ற கருத்து அதில் இருந்தது. வாதத்துக்காகக் கிண்டலாக எழுதியது என்று பின்னர் விளக்கம் வந்தது. கிண்டலோ இல்லையோ, அந்தத் தர்க்கம் இரு தரப்பும் மனமொப்பிச் செய்யும் வியாபாரத்தைக் கற்பனை செய்கிறது. அபிஜானில் விலைக்கு ஒப்புக்கொண்டவர் ஒருவர், அதைச் சுவாசித்தவர்கள் வேறு. அக்குவேடோவில் குடியிருந்த ஒரு தாயிடம் 35 டாலர் போதுமா என்று யாரும் கேட்கவில்லை.

கோகோவும் ஸ்லோவோகும்

நைஜீரியாவின் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் 1987, 88இல் இதே கதை எளிய வடிவில் நடந்தது. ஓர் இத்தாலியத் தொழிலதிபர் வழியாக வந்த ஆயிரக்கணக்கான நச்சுப் பீப்பாய்களை, ஊர்க்காரர் ஒருவர் தன் மனையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். வாடகை மாதம் 100 டாலர் அளவில். உள்ளே என்ன என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. கசிந்த பீப்பாய்களில் பிசிபி எனப்படும் நச்சு ரசாயனம் போன்ற பொருட்கள் இருந்தன. 1988 ஜூனில் விஷயம் வெடித்ததும் நைஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது, ஓர் இத்தாலியக் கப்பலைப் பிடித்து வைத்தது, அதே ஆண்டில் நச்சுக் கழிவு இறக்குமதியைக் கடும் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. இத்தாலி கழிவைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பாசெல் ஒப்பந்தம் பிறந்ததற்குக் கோகோவும் ஒரு காரணம். அந்த ஒப்பந்தம் போதாது, முழுத் தடை வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் 1991இல் பமாகோ ஒப்பந்தத்தைத் தாமே செய்துகொண்டதற்கும் கோகோ ஒரு காரணம்.

ஆனால் எல்லாப் பழியையும் ஏழை நாட்டின் பலவீனத்தின் மேல் போட்டுவிட முடியாது. புரோபோ கோவாலாவுக்கு ஆப்பிரிக்கக் கதவு மூடிய பிறகு, இதே வகைக் கழுவல் வேலையும் அதன் கழிவும் நார்வேயின் ஸ்லோவோக் என்ற கடலோர ஊரில் இருந்த தொட்டி நிலையத்துக்குப் போயின. 2007 மே 24 அன்று, அடியில் தங்கிய கந்தகத்தைப் பிரிக்க அமிலம் சேர்த்த தொட்டி ஒன்று வெடித்தது. தலைவலி, வாந்தி, தொண்டை எரிச்சல் என்று அங்கும் அதே முறையீடு. நார்வே பணக்கார நாடு, சட்டம் வலுவானது. வித்தியாசம் பின்னால் தெரிந்தது: அந்நிலையத்தின் பொறுப்பாளர்கள் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே தண்டிக்கப்பட்டார்கள். விடை தேடிப் பாதிக்கப்பட்டவர்கள் இன்னொரு கண்டத்துக்குப் போகவேண்டியிருக்கவில்லை.

நேர்மையான காரணத்தோடு எல்லை கடக்கும் கழிவும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமை ஆகாது. எல்லாச் சிறு நாடும் தனக்கென்று உயர்வெப்ப எரியுலை கட்ட முடியாது. பாதரசக் கழிவை ஜெர்மனியின் ஆழ்ந்த உப்புச் சுரங்கத்தில் வைப்பது, உலோகம் கலந்த கழிவைப் பெல்ஜியத்திலோ ஸ்வீடனிலோ இருக்கும் உருக்காலைக்கு அனுப்பித் தாமிரமும் தங்கமும் பிரிப்பது போன்றவை சரியான பயணங்கள். பதிவான கழிவு வணிகத்தில் பெரும்பங்கு வளர்ந்த நாடுகளுக்குள்ளேயே நடப்பது. இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. நேர்மையான பயணத்தில் கழிவு, கிளம்பிய இடத்தைவிடத் திறமையான இடத்துக்குப் போகும். அனுப்புபவர் அங்கே கூடுதலாகப் பணம் கட்டுவார். புரோபோ கோவாலா போனது எதிர்த்திசையில்.

பிறகு

அபிஜானுக்குப் பேச்சு நடத்தப் போன டிராஃபிகுராவின் இரண்டு உயர் நிர்வாகிகள் 2006 செப்டம்பரில் கைதாகி ஐந்து மாதம் சிறையில் இருந்தார்கள். 2007 பிப்ரவரியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனம் ஐவரி கோஸ்ட் அரசுக்கு அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ பிராங்க்கில் 9,500 கோடி கொடுக்க இசைந்தது. சுமார் 20 கோடி டாலர். நிர்வாகிகள் விடுதலையானார்கள், அங்கே அந்நிறுவனத்தின் மீது வழக்கு இல்லை என்றானது. உள்ளூர் நிறுவனமான டொமியின் தலைவருக்கு 2008இல் 20 ஆண்டுச் சிறை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றவருக்கு ஆகக் கடுமையான தண்டனை.

லண்டனில் சுமார் 30,000 பேர் தொடுத்த வழக்கு 2009 செப்டம்பரில் 3 கோடி பவுண்டுக்குச் சமரசமானது. தலைக்கு 1,000 பவுண்டு. அதிலும் ஒரு பகுதி, பாதிக்கப்பட்டவர்களின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்ட போலிச் சங்கம் ஒன்றின் கைக்குப் போய் மாயமானது. ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு நின்றார்கள். நெதர்லாந்தில் 2010 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கழிவைச் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்ததற்காகவும் அதன் ஆபத்தை மறைத்ததற்காகவும் டிராஃபிகுராவுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. கழிவைத் திருப்பி ஏற்ற அனுமதித்த நகராட்சி மீது வழக்கு நிற்கவில்லை. 2012இல் அரசு வழக்கறிஞர்களோடு ஏற்பட்ட சமரசத்தில் அபராதத்தோடு இன்னும் 3 லட்சம் யூரோ கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் முறையாக அழிக்காததால் மிச்சமான தொகை என்று கணக்கிட்ட எண் அது. அங்கே கேட்கப்பட்ட விலையைவிடக் குறைந்த கணக்குதான். என்றாலும் ஒரு நகரம் நோயில் விழுந்ததற்குப் பின்னால் இருந்த சேமிப்பு எவ்வளவு என்று அரசு ஏட்டில் பதிவான எண் அதுவே.

விதிகளும் கொஞ்சம் நகர்ந்தன. கப்பல் பயணத்தின்போது திரவச் சரக்குகளைக் கலப்பதும், உற்பத்தி வேலைகளைச் செய்வதும் 2014 ஜனவரி முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டன. வளர்ந்த நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்கு ஆபத்தான கழிவு போவதை முழுக்கத் தடுக்கும் பாசெல் தடைத் திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆயிற்று. அமெரிக்கா பாசெல் ஒப்பந்தத்திலேயே இன்னும் முழு உறுப்பினர் இல்லை. புரோபோ கோவாலா பெயர் மாறி, 2011இல் உடைப்பதற்காக வங்கதேசம் போகப் பார்த்தது. அந்நாடு மறுத்துவிட்டது. ஆயுள் முடிந்த அந்தக் கப்பலே அப்போது எல்லை தேடும் கழிவாகியிருந்தது.

அபிஜானில் கொட்டிய இடங்களைத் தோண்டி எடுத்த மாசுபட்ட மண்ணும் சேறும் ஆயிரக்கணக்கான டன். அவற்றைப் பீப்பாய்களிலும் பைகளிலும் கட்டி, முறையான அறிவிப்பும் ஒப்புதலும் பெற்று, கப்பலேற்றி, பிரான்சில் உள்ள சிறப்பு எரியுலைக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவில் 528 கனமீட்டராக இருந்தபோது செய்ய மறுத்த வேலை, பல மடங்கு பெருத்த பிறகு ஐரோப்பாவிலேயே நடந்தது.

2023 செப்டம்பர் 5 அன்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம், ஐவரி கோஸ்ட் அரசு தன் மக்களின் உயிர் வாழும் உரிமையையும் ஆரோக்கியத்துக்கான உரிமையையும் காக்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது. டிராஃபிகுராவிடம் பெற்ற பணத்தைக் கொண்டு, பாதிக்கப்பட்டவர்களைக் கலந்து இழப்பீட்டு நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பணம் அரசின் கைக்கு வந்து அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2006இல் தாயின் இடுப்பில் மருத்துவமனை வரிசையில் நின்ற குழந்தைகள், அந்தத் தீர்ப்பு வந்தபோது கல்லூரிக்குப் போகும் வயதில் இருந்தார்கள்.